சீலியின் நாற்பது வரியும் என் ஒற்றை வரியும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் பொறாமைக்காரி. எப்போதாவது லேசாகத் தலைகாட்டிவிட்டுப் போகும் ரகம் இல்லை. வேறு வேலை பார்க்காமல், சாப்பாடு இறங்காமல், முழு நேரமும் உட்கார்ந்து பொறாமைப்படும் ரகம். என் முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. தட்டைப் பார்த்து அம்மா கண்டுபிடித்துவிடுவாள். மூன்றாவது தோசையை நான் வேண்டாம் என்றால் எங்கேயோ எவளோ ஒருத்தி நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். 2006-ஆம் வருடம் என் சுடிதார்களையெல்லாம் இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. அதற்குக் காரணமானவளின் பெயர் ஜெயசீலி.

அப்போது எனக்குத் தேனி கடைவீதிக்குப் பின்னால் ஓர் அச்சகத்தில் வேலை. கீழே அச்சு இயந்திரங்கள், மாடியில் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அப்புறம் நான். சின்னமனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எம்.சி.ஏ. படித்தவள். (எங்கள் தெருவில் எம்.சி.ஏ. என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் டாக்டருக்கு ஒரு படி கீழே என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.) முதலாளி சாமுவேல் அண்ணாச்சி எந்தச் சந்தேகம் என்றாலும் மாடிப்படியின் அடியில் நின்று "வாணி" என்றுதான் கூப்பிடுவார். ஒரு வருடம் மகாராணி மாதிரி இருந்தேன்.

பிறகு ராயப்பன்பட்டியிலிருந்து சீலி வந்து சேர்ந்தாள். வெறும் பி.எஸ்ஸி. என்னை விட மூன்று வயது சின்னவள். அதிகம் பேச மாட்டாள். என்னை "அக்கா" என்று கூப்பிடுவாள், அதுவும் நிஜமான மரியாதையோடு. அவள் மரியாதை இல்லாதவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வந்த மூன்றாவது மாதம் மாடியில் இருந்த ஒரே சுழல் நாற்காலி அவளுக்குப் போனது. எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி.

நாற்காலி கைமாறிய காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெண்ணின் பெயர் சும்மா ஒரு சாக்கு. ஜனங்கள் வாங்கியதும் தேடுவது தங்கள் பெயரைத்தான். அதுவும் எத்தனாவது இடத்தில் என்பதைத்தான். பத்திரிகைக்குள் இரண்டு வீட்டார். ஒவ்வொரு வீட்டாருக்குள்ளும் தாய்மாமன்மார், பெரியப்பா சித்தப்பாமார், அத்தைமார். ஒவ்வொரு முறைக்குள்ளும் வரிசையாகப் பெயர்கள். டப்பாவுக்குள் டப்பா, அதற்குள் டப்பா. பெண் வீட்டார் ஒரு வரிசை கேட்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் வேறு வரிசை கேட்பார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடித்து, ஒன்றில் திருத்தியதை இன்னொன்றில் திருத்த மறந்து, மண்டபத்தில் சண்டை வந்து, அது அச்சகத்து வாசலுக்கு வரும்.

சீலி ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதினாள். பெயர்களை ஒரு தடவை உள்ளே ஏற்றினால் போதும். எத்தனை பிரதி வேண்டுமானாலும் அது எடுக்கும். ஒரு பிரதியில் பெயரை இடம் மாற்றினால் மற்றதில் ஒன்றும் ஆகாது. பிரதி எடுக்கும் அந்த வேலைக்கென்றே புரோகிராமுக்குள் தனியாக ஒரு பகுதி, ஃபங்ஷன் என்பார்கள், நாற்பது வரி. அன்றிலிருந்து அச்சகத்து வாசலுக்குச் சண்டை வருவது நின்றுபோனது. அண்ணாச்சி அதற்கு 'சீலி முறை' என்று பெயர் வைத்தார். ஏதோ கணக்குப் புத்தகத்தில் வரும் தேற்றம் மாதிரி. போடியிலிருந்து, பெரியகுளத்திலிருந்தெல்லாம் ஆட்கள் படியேறி வந்து, என்னைத் தாண்டிப் பார்த்து, "சீலிப் பாப்பா இல்லீகளா?" என்று கேட்டார்கள். இல்லை என்றால் காத்திருந்தார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

வெளியில்தான் இப்படி என்றால் வீட்டிலும் நிம்மதி இல்லை. ஒரே ஒரு தடவை சீலியை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். (மழை, பஸ் இல்லை, வேறு வழியில்லை.) அம்மா சுட்ட தோசையை ஐந்து சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் வேலை முடிந்து வந்தால் அம்மாவின் முதல் கேள்வி "சீலி நல்லாருக்காளா?" என்பதாக ஆகிவிட்டது. நானும் இருபத்தாறு வருடமாகத் தட்டைக் கழுவிக்கொண்டுதான் இருந்தேன், அதை யாரும் ஊர் முழுக்கச் சொல்லவில்லை.

இந்த நிலைமையில் என் அண்ணனுக்குப் போடியில் பெண் அமைந்தது.

கல்யாணம் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அப்பாவுக்கு மட்டும் பயம். காரணம் அம்மாவின் உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். நடுவில் உள்ளவருக்குக் கேரள எல்லையை ஒட்டிய லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை. அரசாங்கச் சம்பளம், மலையாளம் கலந்த பேச்சு, மடிப்புக் கலையாத சட்டை. ஆறு வருடத்துக்கு முன்னால் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அரசாங்க உத்தியோகம் என்ற ஒரே காரணத்துக்காகப் பத்திரிகையில் லோயர் கேம்ப் மாமாவின் பெயரை முதலில் போட்டுவிட்டார்கள். கம்பத்து மாமா பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போனார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. மூன்றாமவர் தேவதானப்பட்டியில் மாந்தோப்புக் குத்தகை எடுப்பவர். அவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. குடும்பப் போட்டோக்களில் பாதித் தோளோடு ஓரத்தில் நிற்பாரே, அவர்.

எங்களில் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் வந்து தலைப்பாகை, அதாவது உருமால், கட்டி மணமேடைக்கு அழைத்துப் போனால்தான் கல்யாணம். மாமன்மார் கோபித்துக்கொண்டு வராமல் போனால் மாப்பிள்ளை வெறுந்தலையோடு நிற்க வேண்டும். பெண் வீட்டார் எதிரில் அதைவிடக் கேவலம் கிடையாது. ஆக, பத்திரிகையில் முதல் பெயர் யாருடையது என்பதில் என் அண்ணன் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் யோசித்துவிட்டு, வாழைத்தோப்பிலிருந்து திரும்பிய அப்பா ஒரு யோசனையோடு வந்தார்.

"மூணு பத்திரிகை அடிப்போம். கம்பத்துக்குப் போறதுல மூத்தவரு மொதல்ல. லோயர் கேம்ப்புக்குப் போறதுல அவரு மொதல்ல. ரெண்டு பேருந்தான் பேசிக்கிறதில்லையே. எவுக போயி எவுக பத்திரிகையப் பாக்கப் போறாக?"

மூன்றாவது எதற்கு என்றால், சின்னவனும் என் கூடப் பிறந்தவன்தானே என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். அவருக்கும் ஒரு கட்டு என்று முடிவானது. நான் நோட்டை எடுத்துப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா சாதாரணமாகச் சொன்னார், "இதை அந்தச் சீலிப் பிள்ளைட்ட குடுத்துரும்மா. அது பிசகில்லாமப் பண்ணிரும்."

பெற்ற மகள் எம்.சி.ஏ. எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். சொந்த அண்ணன் கல்யாணம். நான் அன்று சோற்றையே தொடவில்லை. அம்மா தட்டைப் பார்த்துவிட்டு எடுத்துப் போனாள்.

என் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, சீலி ஊர்க் கோயில் திருவிழாவுக்கு நான்கு நாள் லீவு போட்டிருந்தாள். முதல் நாள் காலையில் நான் அவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தேன். (மூன்று சுற்றுச் சுற்றினேன். யாரும் பார்க்கவில்லை.) அவள் புரோகிராமைத் திறந்து, புகழ்பெற்ற அந்த நாற்பது வரியை முதல் முறையாக முழுசாகப் படித்தேன்.

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பொறுப்பாகக் குறிப்பு வேறு எழுதி வைத்திருந்தாள். வெளிப் பட்டியலைப் புதிதாகச் செய். உள்ளே பட்டியல் இருக்கிறதா பார். இருந்தால் அதையும் புதிதாகச் செய். அதற்குள்ளும் இருக்கிறதா பார். கடைசிப் பெயர் வரைக்கும் போ. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு பட்டியலைப் பிரதி எடுக்க ஜாவாவிலேயே 'குளோன்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரே வரி. எம்.சி.ஏ. இரண்டாம் வருடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுகூடத் தெரியாமல் இவள் மாங்கு மாங்கென்று நாற்பது வரி எழுதியிருக்கிறாள், அதற்கு ஒரு நாற்காலி வேறு. (குளோனைப் பற்றிய அந்த வகுப்பின் பின்பாதியில் நான் தூங்கினேனா, கேன்டீனுக்குப் போனேனா என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.)

நாற்பது வரியையும் அழித்தேன். அழிக்கும்போது அப்படியொரு ஆனந்தம். அந்த இடத்தில் என் ஒற்றை வரியை எழுதினேன். பொறுப்பில்லாதவள் என்று நினைக்க வேண்டாம், சோதித்தும் பார்த்தேன். மூன்று பிரதிகள் எடுத்து, கட்டுகளை அடையாளம் தெரிந்துகொள்வதற்காக ஒவ்வொன்றின் மூலையிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டேன். மூன்றிலும் எண்கள் வேறு வேறாக வந்தன. ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறவில்லை. வேறு என்ன வேண்டும்? பிறகு புரோகிராமுக்கு உத்தரவு கொடுத்தேன்: முதல் பிரதியில் கம்பத்து மாமாவை முன்னால் கொண்டு போ, இரண்டாவதில் லோயர் கேம்ப் மாமாவை, மூன்றாவதில் தேவதானப்பட்டி மாமாவை. அது முணுமுணுக்காமல் செய்தது. செய்து முடித்துவிட்டு மூன்றையும் வரிசையாகப் பிரிண்டரில் துப்பியது.

அண்ணாச்சியிடம் போய், நாற்பது வரியை ஒரு வரியில் முடித்துவிட்டேன் என்றேன். அவர் சந்தோஷப்படுவார், நாற்காலியைப் பற்றி ஏதாவது பேச்சு வரும் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சீலி வந்ததும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அச்சுக்கு விடலாமே என்றார். அவ்வளவுதான், எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. அவள் திரும்பி வருவதற்குள் அச்சாகியே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். முகூர்த்த நாள் நெருங்குகிறது, அப்பா அவசரப்படுகிறார் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

புரூஃப் பார்க்க அப்பாவே வந்தார். அடுக்கில் மேலே இருந்தது மூன்றாம் எண். தேவதானப்பட்டி மாமா முதலில் இருந்தார், இருக்க வேண்டியவர்தான். அப்பா தலையாட்டினார். மற்ற இரண்டையும் எடுக்கக் கை நீட்டியவரை, எல்லாம் சரியாக இருக்கிறதப்பா, கம்ப்யூட்டர் போட்டது தப்பாகுமா என்று நானே தடுத்தேன். மகள் படித்த படிப்பின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இரண்டு நாளில் கட்டுகள் வந்தன. மூன்றாம் எண் கட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணன் தேவதானப்பட்டிக்குப் பஸ் ஏறினான். ஒன்றையும் இரண்டையும் எடுத்துக்கொண்டு அப்பா கம்பத்துக்குக் கிளம்பினார். கம்பம் முடித்து அப்படியே லோயர் கேம்ப். கூடவே என்னையும் வரச் சொன்னார், மகள் கம்ப்யூட்டரில் போட்டது என்று பெருமை பேசுவதற்காக. நானும் பட்டுப் பாவாடை கட்டாத குறையாகக் கிளம்பினேன்.

கம்பத்து மாமா வீட்டில் நல்ல வரவேற்பு. தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. அப்பா நீட்டினார். வாணிதான் எல்லாம் போட்டாள், நாற்பது வரியை ஒரு வரியில் முடித்தாளாம் என்றும் சொன்னார். (இதை நான்தான் வழியெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.) மாமாவுக்கு எதையும் வீடு முழுக்கக் கேட்கும்படி சத்தமாக வாசிக்கிற பழக்கம். கண்ணாடியை வரவழைத்து, பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பித்தார். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம். மாமி அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாய்மாமன்மார்" என்று வாசித்துவிட்டு மாமா ஒரு கனைப்புக் கனைத்தார். அடுத்து வந்தது கடைசித் தம்பியின் பெயர். அதைப் பாதி வாசித்து நிறுத்தினார். அதற்கு அடுத்தது, ஆறு வருடமாகப் பேசாத லோயர் கேம்ப் தம்பியின் பெயர். அதை வாசிக்கவே இல்லை. கண் மட்டும் கீழே இறங்கியது. மூன்றாவதாக, கடைசியில், அவர்.

நான் கட்டைப் பிரித்தேன். எல்லாப் பத்திரிகையிலும் மூலையில் ஒன்று என்ற எண் ஜம்மென்று இருந்தது. பெயர்கள் எல்லாவற்றிலும் அதே தேவதானப்பட்டி, லோயர் கேம்ப், கம்பம். இரண்டாம் எண் கட்டைப் பிரித்தேன். அதிலும் அதே. பையிலிருந்த பத்திரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தேனாம். அப்பா பிற்பாடு சொன்னார், எனக்கு ஞாபகமில்லை.

மாமா சத்தம் போடவில்லை. பத்திரிகையை மடித்துத் தாம்பாளத்தில் வைத்தார்.

"அச்சு நல்லாருக்கு மாப்ள. மொதப் பேருக்காரக வந்து உருமாக் கட்டுவாக. நாங்க மூணாவது ஆளு. நேரம் ஒழிஞ்சா வந்து பந்தியில உக்காந்துட்டுப் போறோம்."

லோயர் கேம்ப்புக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்தோம். பஸ் உத்தமபாளையம் தாண்டும்போது அப்பா, சீலி ஊருக்கு இப்படித்தானே திரும்ப வேண்டும் என்று கேட்டார். இருக்கிற வேதனையில் எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் வேறு வழியில்லாமல் சீலிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி, நான் போட்ட ஒற்றை வரியையும் சொன்னேன். சிரிக்கப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அக்கா, அழுகாதீக," என்றாள். "நான் காலையில அங்கன வந்துட்டு வேலைக்குப் போறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கொஞ்சம் குத்திக்காட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் சீலி வந்து நுழைந்த பத்தாவது நிமிடம் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து கம்பத்து மாமா இறங்கினார். பின்சீட்டிலிருந்து லோயர் கேம்ப் மாமா இறங்கினார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். பெரியவர் ஆறு வருடம் கழித்துத் தம்பிக்குப் போன் போட்டு, சின்னவனை நம் இரண்டு பேருக்கும் மேலே போட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஒருவர் மேல் ஒருவர் வைத்திருந்த பொறாமையை இரண்டு பேருமாகத் தூக்கித் தம்பி தலையில் வைத்துவிட்டு ஒன்று சேர்ந்துவிட்டார்கள். (பொறாமையின் சக்தியைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்து, எங்களைத் திட்டினார்கள். அம்மா ஒரு கண்ணால் அழுதாள், ஒரு கண்ணால் பூரித்தாள்.

நான் முன்னால் போய், புரோகிராமில் நடந்த தப்பு மாமா, மிஷின் மாற்றிப் போட்டுவிட்டது என்றேன்.

"இருபது வருசமா மிசினு பக்கத்துலதான் நிக்கேன்," என்றார் லோயர் கேம்ப் மாமா. "அதுக்குச் சின்னவனத் தெரியாது, பெரியவனத் தெரியாது. ஆளு சொன்னதத்தான் செய்யும். செரிதானே?"

அப்பா மோட்டுவளையைப் பார்த்தார். அப்போது சீலி, அம்மாவிடம் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாமாக்கள் முன்னால் வந்து நின்றாள். அக்கா மூன்று வீடு கட்ட நினைத்தார்கள், ஆனால் ஒரே வீட்டுக்கு மூன்று சாவி செய்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தாள். சாவிகளின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டால் பார்க்க மூன்று வீடு மாதிரிதான் இருக்கும். ஆனால் எந்தச் சாவியைப் போட்டுத் திறந்தாலும் உள்ளே அதே கூடம். முதல் ஆள் போய் நாற்காலியை இடம் மாற்றினார், பிறகு இரண்டாம் ஆள் மாற்றினார், கடைசியில் மூன்றாம் ஆள் மாற்றினார். அதற்குப் பிறகு யார் கதவைத் திறந்தாலும் மூன்றாம் ஆள் போட்டு வைத்தபடிதான் இருக்கும். வெளியே இருப்பதை மட்டும் பிரதி எடுத்தால் இதுதான் கதி, உள்ளே கடைசி வரைக்கும் போய் ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்தால்தான் அது வேறு வீடு.

குளோன் என்பது என்னவென்று நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், இரண்டு தாய்மாமன்களோடு சேர்ந்து உட்கார்ந்து. அவர்கள் என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். சீலி சொன்ன விதம் அப்படி. அந்த நேரத்திலும், இவ்வளவு அழகாக இவளுக்கு எப்படிச் சொல்ல வருகிறது என்று என் வயிறு எரிந்தது உண்மை.

கம்பத்து மாமா தாடியைச் சொறிந்தார். "அது சரித்தா. ஒரு கல்யாணத்துக்கு எதுக்கு மூணு வீடு?"

அப்பா இருமினார். நான் சீலியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுவும் அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று.

"ஒவ்வொருத்தக வீட்டுக்குப் போறதுலயும் அவுக பேரு மொதல்ல இருக்கணும்னு மாமா," என்றாள்.

வெளியே ஜீப் டிரைவர் டயரை உதைத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. கம்பத்து மாமா தம்பியைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"ஆக, நாங்க ரெண்டு பேரும் சாகுற மட்டுக்கும் பேசிக்கிற மாட்டோம்னு நம்பித்தான் பத்திரிகை அடிச்சிருக்கீக."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா இப்போது இரண்டு கண்ணாலும் அழுதாள். லோயர் கேம்ப் மாமா மடிப்புக் கலையாத சட்டையின் கைமடிப்பை அவிழ்த்து அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரே பத்திரிகை அடியுங்கள், வயசுப்படி போடுங்கள், அண்ணன்தான் முதலில் என்று அவரே சொன்னார். ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து அண்ணன் என்ற வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். எனக்கு உயிர் வந்தது. சீலி பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து வீட்டுப் போன் அடித்தது. தேவதானப்பட்டி மாமா. பேசிக்கொண்டே அம்மா எங்கள் பக்கம் திரும்பி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பத்திரிகையைப் பார்த்தாராம். தோப்புக்காரர், வியாபாரி, பஸ் கண்டக்டர் வரைக்கும் எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டாராம். கம்பத்துக்குப் போன பத்திரிகையிலும் தன் பெயர்தான் முதலில் என்று கம்பம் மாங்காய் வியாபாரி ஒருவர் சொன்னாராம். அக்கா வீட்டில் தன்னையும் ஒரு ஆளாக மதித்துவிட்டார்கள் என்று அழுகிறாராம். அம்மா போனைக் கையில் பொத்திக்கொண்டு, இவனிடம் நான் என்ன சொல்லட்டும் என்று பெஞ்சில் இருந்த இரண்டு பேரையும் பார்த்து நின்றாள்.

கம்பத்து மாமா ரொம்ப நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். இருந்துட்டுப் போகட்டும், சின்னப்பய."

பத்திரிகை அப்படியே இருந்தது. என் ஒற்றை வரி போட்ட வரிசையிலேயே என் அண்ணன் கல்யாணம் நடந்தது. மூன்று மாமாக்களும் வந்தார்கள். மூத்தவர் உருமாலை எடுத்துச் சின்னவர் கையில் கொடுத்தார். வாழ்க்கையில் யாருக்கும் உருமால் கட்டியிராத தேவதானப்பட்டி மாமா கட்டியது, மாப்பிள்ளை மேடை ஏறுவதற்குள் அவிழ்ந்து தோளில் விழுந்தது. லோயர் கேம்ப் மாமா ஓடி வந்து சுற்ற, கம்பத்து மாமா முனையைச் செருகினார். அண்ணனின் கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் அந்த உருமால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும். பந்தியில் அம்மா முதலில் இலை போட்டது சீலிக்கு. நான் பரிமாறினேன்.

அச்சகத்தில் நாற்பது வரியும் பழைய இடத்துக்கு வந்தது. சீலி அதை இரண்டு ஃபிளாப்பியில் தனித்தனியாக எடுத்து வைத்திருந்தாள். (பிரதி எடுக்கும் புரோகிராமுக்கே பிரதி. இவளோடு எப்படி மல்லுக்கட்டுவது?) அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பத்திரிகையையும் எனக்குக் கொடுக்கவும் இல்லை. விசிட்டிங் கார்டுதான்.

தேவதானப்பட்டி மாமாவுக்கு அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் 'மொத மாமா' என்று பெயர். அண்ணன் பிள்ளைகள் அவருடைய நிஜப் பெயர் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது இந்தக் கதையை எடுப்பார்கள். சொல்லச் சொல்ல என் பங்கு மோசமாகிக்கொண்டே போகிறது. கடைசியாகக் கேட்டபோது நான் கம்பத்து மாமாவின் பெயரையே அழித்திருந்தேன். மொத மாமா அந்தப் பக்கம் வந்தால் மட்டும் எல்லோரும் பேச்சை மாற்றிவிடுவார்கள். அது தப்பாக வந்தது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அதனால் என்னை ஒரு பெரிய கம்ப்யூட்டர் மேதை என்று நம்பும் ஒரே ஜீவன் அவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்று வெளியில் சொல்லவில்லை.

2010-இல் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்கு அப்போது கல்யாணமாகிச் சென்னையில் மென்பொருள் வேலை. பத்திரிகை வேலைக்கு மாமா என்னைத்தான் தேடுவார் என்று ஒரு மாதம் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். பெயர் வரிசைக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு தனி ஃபோல்டர்கூடத் திறந்து வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே தாம்பாளத்தோடு வந்துவிட்டார், அச்சான பத்திரிகையோடு. ஓரத்தில் சின்ன எழுத்தில் தேனி அச்சகத்தின் பெயர்.

சீலியா போட்டாள் என்று கேட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவர் என் தலையில் கை வைத்தார்.

"கோவிச்சுக்காதத்தா. மூணு பத்திரிகையிலயும் எம்பேரு மொதல்ல வந்துச்சுன்னா அது பிசகுதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஒன்னால எனக்கு அப்பிடி ஒரு நாள் கெடச்சுது, மறக்க மாட்டேன். ஆனா இது மக கல்யாணம். இது சரியா வரணும்ல?"

அவர் காபி குடித்து முடிக்கும் வரைக்கும் நான் பத்திரிகையை வாசித்துக்கொண்டிருந்தேன். மாமா, மாமி, மாப்பிள்ளை வீட்டார், தாய்மாமன்மார், பெரியப்பாமார் என்று ஒவ்வொரு வரிசையாக, மூன்று தடவை. ஒரு பிழைகூட இல்லை.